எருமைக் கணையத்துப் புரதம்

நேர்முகத் தேர்வில் டாக்டர் திருவேங்கடம் கேட்ட முதல் கேள்வி வேதியியலைப் பற்றியதல்ல. விண்ணப்பத்தில் இருந்த முகவரியைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"தாராவியா? டேனரிக்குப் பக்கத்திலயா?"

"அந்தத் தோல் பட்டறையே எங்களுதுதான் சார். வாப்பா நடத்துறாங்க," என்றாள் நூர் நிஷா.

"பேஷ். அப்போ ரத்தம், மாமிசம் இதெல்லாம் உனக்கு அருவருப்பா இருக்காதே?"

வேடிக்கைக்குக் கேட்கிறார் என்று நினைத்து அவளும் சிரித்தாள். எம்.எஸ்ஸியில் முதல் வகுப்பு வாங்கியிருந்ததால்தான் வேலை கிடைத்தது என்று வீட்டில் சொன்னாள். செம்பூரில் இருந்த அந்த ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து ஒரு வாரம் ஆன பிறகுதான், அவர் கேட்டது வேடிக்கை அல்ல என்பது புரிந்தது. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றாம் வருஷம்.

எருமையின் கணையத்தில் ஒரு சின்னஞ்சிறு புரதம் இருக்கிறது. ஜீரண நீர் கணையத்தையே தின்றுவிடாதபடி அதைப் பிடித்து நிறுத்தி வைப்பது அதன் வேலை. எந்த நுண்ணோக்கிக்கும் அகப்படாத அந்தப் பொருள் எப்படிச் சுருண்டு மடிந்திருக்கிறது, அதில் எந்த அணு எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் திருவேங்கடத்தின் ஆராய்ச்சி. அதற்குப் புரதத்தைப் படிகமாக்க வேண்டும். படிகத்துக்குக் கணையம் வேண்டும், அதுவும் கூடை கூடையாக. பாந்த்ரா கசாப்புக் கூடத்துக்குப் போய் அதை வாங்கி வர நிலையத்தில் இருந்த யாருமே சம்மதிக்கவில்லை. பியூன் ஒரு முறை போய்விட்டு வந்து இரண்டு நாள் லீவு போட்டுவிட்டான்.

நூர் நிஷா போனாள். பனிக்கட்டி நிரப்பிய தகர டின்னைத் தூக்கிக்கொண்டு, முழங்கால் வரை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரத்தமும் சாணமும் குழம்பிக் கிடந்த தரையில் நடந்து போய், இளஞ்சூடு ஆறாத கணையத்தைப் பொறுக்கினாள். பித்தநீர் வாடை தோல் வாடையைப் போல இல்லை. அவளுக்கும் குமட்டத்தான் செய்தது. தோல் பட்டறையில் வளர்ந்தவளுக்கு மூக்கே இருக்காது என்று நினைப்பவர்களிடம் என்ன சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். கணையத்தை அரைத்து, அமிலத்தில் ஊறவைத்து, வடிகட்டி, மாதக்கணக்கில் பாடுபட்ட பிறகு, ஒரு கண்ணாடிக் குழாயின் அடியில் கற்கண்டுத் துணுக்குகளைப் போல முதல் படிகங்கள் மின்னியபோது, அந்த நாற்றம் முழுவதையும் மறந்தாள்.

நிலையத்தில் மற்றவர்கள் மறக்கவில்லை. சாப்பாட்டு அறையில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஒரு பித்தளைத் தம்ளர் தனியாக வந்து உட்கார்ந்தது. அதை யார் வைத்தார்கள் என்று அவள் கேட்கவில்லை. கணக்குப் போடும் பிரிவில் அபயாம்பாள் என்று ஒருத்தி இருந்தாள். பாலக்காட்டுக் குடும்பம், மாட்டுங்காவில் வீடு. நூர் நிஷாவைவிடப் பத்து வயது மூத்தவள். படிகத்தின் மேல் எக்ஸ்ரே பாய்ச்சி எடுத்த படங்களில் இருக்கும் ஆயிரக்கணக்கான புள்ளிகளின் கருமையைக் கண்ணால் பார்த்து எண்ணாக்கி, அந்த எண்களிலிருந்து அணுக்களின் இடத்தைக் கணக்கிடுவதில் அவளுக்கு நிகர் கிடையாது. நல்ல மனசுக்காரி. தினமும் வீட்டிலிருந்து கொண்டுவரும் மாவடுவில் ஒன்றை நூர் நிஷாவுக்குக் கொடுப்பாள். கொடுக்கும்போது மட்டும் ஸ்பூனை ஒரு சாண் உயரத்தில் பிடித்து, தட்டில் படாமல் மேலிருந்து போடுவாள். மாவடு தட்டில் விழுந்து துள்ளும். நூர் நிஷா அதைச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்த பிறகு ஒவ்வொரு நாளும் வாய் கசந்தது.

இரண்டு வருஷ உழைப்பில் மாதிரி எழுந்தது. பித்தளைக் கம்பிகளை அளவாக வெட்டி, சிறு திருகுகளால் இணைத்து, ஓர் ஆள் உயரத்துக்குக் கட்டினார்கள். கார்பனுக்குக் கறுப்பு, ஆக்ஸிஜனுக்குச் சிவப்பு, நைட்ரஜனுக்கு நீலம், கந்தகத்துக்கு மஞ்சள் என்று வண்ணம். அடியில் பலகை மேல் கட்டம் போட்ட காகிதம் விரித்திருந்தது. நூர் நிஷா ஒவ்வோர் அணுவிலிருந்தும் நூலில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது காகிதத்தைத் தொடும் இடத்தையும் நூலின் உயரத்தையும் அளந்தாள். ஓர் அணுவுக்கு மூன்று எண்கள். அபயாம்பாள் அவற்றைக் கணக்கோடு ஒத்துப் பார்த்தாள். பிறகு ஓர் அணுவுக்கு ஓர் அட்டை என்று துளையிட்டு, ஊரில் அப்போது புதிதாக வந்திருந்த பெரிய கம்ப்யூட்டருக்கு அனுப்பித் திருத்தி வாங்கினார்கள். அந்த எண்கள் கையில் இருந்தால் உலகத்தில் எந்த மூலையில் இருப்பவரும் இதே மாதிரியைக் கட்டிவிடலாம். எண்கள் இல்லாவிட்டால் வெறும் படத்தைப் பார்த்து ஆஹா என்று சொல்லலாம். அவ்வளவுதான்.

திருவேங்கடம் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் படத்தை மட்டும் போட்டு ஒரு பக்கக் குறிப்பு எழுதினார். உடனே கடிதங்கள் வரத் தொடங்கின. எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள்: அணுக்களின் இடப் பட்டியலை அனுப்ப முடியுமா? எல்லாருக்கும் ஒரே பதில் போயிற்று: இன்னும் இறுதியாகவில்லை.

"முடிஞ்சுதானே சார் போச்சு? ஏன் இல்லன்னு எழுதணும்?" என்று நூர் நிஷா ஒரு தடவை கேட்டாள்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. இன்னிக்குக் கொடுத்தா நாளைக்கே அவா அதை வச்சிண்டு பத்துப் பேப்பர் போட்டுடுவா. நாம வாயைப் பார்த்துண்டு நிக்கணும். இதை வச்சு நான் பண்ண வேண்டியது இன்னும் நிறைய இருக்கு."

பண்ணியது என்னவென்றால், வருகிறவர்களுக்கெல்லாம் மாதிரியைக் காட்டியதுதான். மந்திரி வந்தார், மில் முதலாளிகள் வந்தார்கள், கல்லூரி முதல்வர்கள் வந்தார்கள். நாலடி தூரத்தில் கயிறு கட்டி அதற்கு அப்பால் நிறுத்தினார்கள். பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் பையிலிருந்து அடிக்கோலை எடுத்ததைப் பார்த்துவிட்டு, திருவேங்கடம் அவரைக் காபிக்கு அழைத்துப் போய் அப்படியே வழியனுப்பிவிட்டார். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் தெளித்து, மஞ்சள் அணுக்களிலெல்லாம் குங்குமம் வைத்து, ஆளுயரச் சாமந்தி மாலையைப் போட்டார்கள். மாலையின் கனத்தில் மேல் முனை வளைந்துவிட்டது. மறுநாள் நூர் நிஷா வாடின பூவையும் அதில் மொய்த்த எறும்பையும் துடைத்துவிட்டுக் கம்பியை நிமிர்த்தினாள். குங்குமம் எண்ணெயில் குழைந்து திருகுகளுக்குள் இறங்கியிருந்தது. அதைக் குண்டூசியால் சுரண்டியபோது அவளுக்குக் கசாப்புக் கூடத்துத் தரை பரவாயில்லை என்று தோன்றியது. அங்கே இருந்தது நேர்மையான அசிங்கம்.

அதைவிட மோசமான விஷயம் ஒன்று அவளுக்கும் அபயாம்பாளுக்கும் மட்டும் தெரியும். புரதத்தின் அணுச்சங்கிலி ஓர் இடத்தில் வளைந்து திரும்பும். அந்த வளைவு கணக்கோடு ஒட்டவில்லை. எக்ஸ்ரே கணக்கு காட்டும் எலெக்ட்ரான் அடர்த்தி அங்கே மங்கலாக இருந்தது. சங்கிலி இந்தப் பக்கமும் போகலாம், அந்தப் பக்கமும் போகலாம். அபயாம்பாள் இரண்டு முறை போட்டுப் பார்த்துச் சொன்னாள். திருவேங்கடம் மாதிரியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இப்படியே இருக்கட்டும். பார்க்க லட்சணமா இருக்கு," என்று முடித்துவிட்டார்.

அறுபத்தாறாம் வருஷத் தொடக்கத்தில் கல்கத்தாவிலிருந்து மிஸ் லாஹிரி என்பவரின் கடிதம் வந்தது. மூன்றாவது கடிதம். அவரும் வேறொரு பிராணியிலிருந்து இதே குடும்பத்துப் புரதத்தை எடுத்து ஆராய்கிறார். பம்பாய்ப் படத்தில் இருப்பதைப் போலவே தன்னுடையதும் வளைய வேண்டும் என்று எண்ணி ஒரு வருஷமாக முயன்றும் ஒட்டவில்லை. தன்னுடைய கணக்கில்தான் பிழையோ என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து திரும்பச் செய்து கொண்டிருக்கிறார். 'பட்டியல் முழுவதும் வேண்டாம், அந்த வளைவில் உள்ள அணுக்களின் எண்களை மட்டுமாவது தாருங்கள்,' என்று கெஞ்சாத குறையாக எழுதியிருந்தார். திருவேங்கடம் படித்துவிட்டு, "வழக்கமான பதிலைப் போட்டுடு," என்று நூர் நிஷாவின் மேஜை மேல் எறிந்துவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் வாப்பாவிடம் பேச்சு வந்தது. மைதீன் பிச்சை பட்டறை வாசலில் உட்கார்ந்து, காய்ந்த ஆட்டுத்தோல்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துக் கொண்டிருந்தார். நூர் நிஷா எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தன் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்த்தாள்.

"அவரு சொல்லுதது சரிதானே புள்ள?" என்றார் மைதீன் பிச்சை. "நம்ம தோலுக்குப் பட்டையும் கடுக்காயும் எந்தக் கணக்குல போடுதோம்னு நான் எவன்கிட்டயாவது வாயத் தொறப்பனா? அடுத்த பட்டறைக்காரன் கேட்டா, ஏதோ போடுதோம்னுதான் சொல்லுவேன்."

"அது யாவாரம் வாப்பா. இது யாவாரம் இல்லல்லா? அரசாங்கக் காசுல நடக்கு. அதுவும் அவரு காட்டுதது சரியா இருந்தாலும் பரவால்ல. ஓட்டையா இருக்கு. ஓட்டைய மறைச்சுக் காட்டுதாரு. அத நம்பி அங்க ஒரு பொம்பள வருசக்கணக்கா அல்லாடுதா."

"ஓட்டைன்னா?"

"தப்பா இருக்கு. தப்புன்னு அவருக்கே தெரியும்."

மைதீன் பிச்சை கையிலிருந்த தோலைத் திருப்பினார். கழுத்துப் பக்கம் உண்ணி கடித்த துளை ஒன்று இருந்தது. சுண்ணாம்புக் கட்டியால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு ஒதுக்கி வைத்தார். "ஓட்டைய மறைச்சு விக்கிறவன் போலீஸ் கச்சேரிக்குப் போவான்," என்றார். "அத வேணா நான் ஒத்துக்கிடுதேன். ஆனா வேலைய விட்டுராத. ஒன் உம்மா ஊரு பூரா சொல்லி வச்சிருக்கா."

அடுத்த நாள் அவள் வழக்கமான பதிலைப் போடவில்லை. பட்டியல் முழுவதையும் டைப் அடித்தாள். வளைவில் வரும் அணுக்களைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, 'இந்த இடம் எங்களுக்கும் உறுதியில்லை. உங்கள் கணக்கு சரியாக இருக்கலாம்,' என்று பக்கத்தில் எழுதினாள். யாருடைய பெயரில் அனுப்புவது என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். மொட்டையாக அனுப்பினால் யார் நம்புவார்கள்? தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டு, சயான் தபாலாபீஸில் ரிஜிஸ்டர் செய்தாள். வெளியே வந்தபோது, மாதக்கணக்காக வாயில் இருந்த கசப்பு சற்றே குறைந்திருந்தது.

மிஸ் லாஹிரி நல்லவர். நல்லவர்கள் செய்யும் காரியத்தைத்தான் செய்தார். நன்றி சொல்லி, இனி யார் கேட்டாலும் இதைப் பிரதியெடுத்துக் கொடுக்கப் போவதாகவும் சொல்லி, நூர் நிஷாவுக்கு நிலையத்தின் முகவரிக்கே கடிதம் எழுதிவிட்டார். நிலையத்துக்கு வரும் தபால் எல்லாவற்றையும் திருவேங்கடம்தான் பிரிப்பார்.

அவளைக் கூப்பிட்டபோது அறையில் அபயாம்பாளும் இருந்தாள். கணக்கைச் சரிபார்ப்பதற்காக வந்தவள், ஸ்லைடு ரூலோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"திருடி," என்றார் திருவேங்கடம். சத்தம் போடவில்லை. அது இன்னும் அருவருப்பாக இருந்தது. "என் ஆத்துல சேர்த்துண்டா மாதிரி சேர்த்துண்டேன். புத்தியைக் காட்டிட்டே. நீ வந்த அன்னிலேர்ந்து இந்த ரூம்ல தோல் நாத்தம். ஊதுவத்தி ஏத்தி வச்சுண்டு பொறுத்துண்டேன்."

"அது கணையத்து நாத்தம் சார். உங்க கணையம்தான். நான் போய்த் தூக்கிட்டு வந்தது," என்றாள் நூர் நிஷா. "அந்த வளைவு தப்புன்னு உங்களுக்கும் தெரியும். அபயாக்கா ரெண்டு தடவ சொன்னாங்க."

திருவேங்கடம் அபயாம்பாளைப் பார்த்தார். நூர் நிஷாவும் பார்த்தாள். அபயாம்பாள் ஸ்லைடு ரூலின் நடுச்சட்டத்தை இப்படியும் அப்படியும் நகர்த்தினாள். அதில் என்ன கணக்கு இருந்ததோ, அதிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"எனக்கு ஞாபகம் இல்லை சார்," என்றாள்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் நூர் நிஷா பஸ்ஸை விட்டு இறங்கி, ஓடைக் கரையில் குனிந்து வாந்தி எடுத்தாள். திருவேங்கடம் சொன்ன வார்த்தைகளுக்காக அல்ல. அவர் என்ன சொல்வார் என்று அவளுக்கு முன்பே தெரியும். மாவடு ஞாபகம் வந்தது.

வேலை போயிற்று. உம்மா ஒரு வாரம் அழுதாள். திலக் நகருக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரைகளைச் சோதிக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. அங்கே எல்லாரும் ஒரே குழாயில் தண்ணீர் குடித்தார்கள்.

ஒன்றரை வருஷம் போயிற்று. அறுபத்தேழாம் வருஷ மழைக்காலத்தில் ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது, கம்பெனி கேட்டருகே குடையோடு அபயாம்பாள் நின்றிருந்தாள். சேலைக் கரை முழுதும் சேறு.

"நூர், உன்னை அழைச்சிண்டு வரச் சொன்னார்," என்றாள். "முடியாதுன்னு சொல்லாதே."

விஷயத்தை பஸ்ஸில் சொன்னாள். அந்தப் பத்திரிகைக்குத் திருவேங்கடம் விரிவான கட்டுரை அனுப்பியிருந்தார். எண்களின் பட்டியல் சேர்த்தால்தான் வெளியிடுவோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாதிரியை அளந்து எழுதலாம் என்றால் மாதிரியே இல்லை. பெங்களூர் அடிக்கோல்காரர் வந்து போனதிலிருந்தே, யாராவது அளந்துகொண்டு போய்விடுவார்கள் என்று அவருக்குப் பயம்; நூர் நிஷா போன பிறகு அவரே அதைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டார். கம்பிகளெல்லாம் வேறொரு மாதிரிக்குப் போய்விட்டன. கம்ப்யூட்டர் நாடாவை வேறு கணக்குக்கு அழித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது அட்டைகளும் பட்டியலும்தான். நூர் நிஷா அடுக்கி வைத்திருந்த பெட்டிகளோடே அவற்றை, அவள் போன அன்றே தேக்கு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். சாவி எப்போதும் திருவேங்கடத்தின் இடுப்பில் இருந்தது. பூட்டிய நாளிலிருந்து திறக்கவில்லை.

"எந்தப் பெட்டியில எது இருக்குன்னு உனக்குத்தான் தெரியும்," என்றாள் அபயாம்பாள்.

போகக் கூடாது என்றுதான் நூர் நிஷா நினைத்தாள். ஆனால் அந்த எண்கள் ஒவ்வொன்றும் அவள் நூல் பிடித்து அளந்தவை. அவருக்காக அல்ல, அவற்றுக்காகப் போனாள்.

கீழ்த்தளத்துப் பின்னறையில் சாக்கடை ஓரச் சுவரில் அலமாரி நின்றது. கதவைத் திறப்பதற்கு முன்பே வாடை வந்தது. திருவேங்கடம் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு பூட்டைத் திருப்பினார். மழை ஈரத்தில் உப்பிப் போயிருந்த கதவை பியூன் இரண்டு கையாலும் இழுத்தான்.

மேல் தட்டில் அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி, பாசி பிடித்த செங்கல்லைப் போல இருந்தன. விரல் பட்ட இடம் கூழாக வந்தது. நடுத் தட்டில் பட்டியலின் உறை மட்டும் இருந்தது. உள்ளே இருந்த காகிதம் பொடிப்பொடியாகக் கீழ்த்தட்டில் குவிந்திருந்தது. அலமாரியின் அடிப்பலகையில் கைப்பிடி அகலத்துக்கு ஓட்டை. குவியல் அசைந்தது. பெரிய பெருச்சாளி ஒன்று அதிலிருந்து பாய்ந்து, திருவேங்கடத்தின் செருப்பு மேல் ஏறி ஓடியது. அவர் அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். குவியல் சரிந்த இடத்தில், மூத்திரத்தில் ஊறி மஞ்சளாகிப் போன காகிதத் துணுக்குகளுக்கு நடுவே, மயிர் முளைக்காத இளஞ்சிவப்புக் குட்டிகள் நெளிந்தன. ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கண் தெரியாமல் வாயைத் திறந்தன. சில செத்து ஊதியிருந்தன. ஒரு துணுக்கில் பாதி எண் படிக்கும்படியாக இருந்தது.

அபயாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். பியூன் 'அரே ராம்' என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

திருவேங்கடம் கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "அடியில ஏதாவது நன்னா இருக்கும். நீ கொஞ்சம் கையை விட்டு எடுத்துப் பாரம்மா. உனக்கு இதெல்லாம் பழக்கம்தானே."

நூர் நிஷா அவரைப் பார்த்தாள். ஒரு சுருக்கமும் இல்லாத வேட்டி, நெற்றியில் கலையாத திருமண். கைக்குட்டையில் அத்தர் மணத்தது. அந்த அறையில் இருந்த எல்லா வாடையையும்விட அந்த அத்தர் வாடைதான் அவளை ஓர் அடி பின்வாங்க வைத்தது.

"பழக்கம் இல்ல சார்," என்றாள். "எங்க பட்டறையில தோல நல்ல தண்ணியில நாலு தடவ அலசுவாங்க. எலி புழங்குற எடத்துல ஒண்ணையும் பூட்டி வைக்க மாட்டாங்க."

"கோபமா இருக்கே. சரி. உன்கிட்ட கார்பன் காப்பி இருக்குமே?"

"இல்ல. உங்க ஆபீஸ் காகிதத்த நான் வீட்டுக்குக் கொண்டு போகல. மிஸ் லாஹிரிகிட்ட இருக்கு. கேக்கிற எல்லாருக்கும் கொடுக்கிறாங்க. நீங்களும் எழுதிக் கேளுங்க."

"நான் கேக்கறதா? என் எண்களை? அவகிட்ட?" அவருடைய முகம் கோணியது. "நீ ஒரு வரி எழுதிப் போடேன். உனக்குப் பழக்கமானவதானே."

"நான் எழுத மாட்டேன்."

வெளியே மழையில் குழாயடியில் அபயாம்பாள் முகம் கழுவிக் கொண்டிருந்தாள். நூர் நிஷாவைப் பார்த்ததும், "அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தாள். நூர் நிஷா நிற்கவில்லை.

கடிதத்தை அபயாம்பாள்தான் எழுதினாளாம், திருவேங்கடம் கையெழுத்துப் போட்டாராம். கல்கத்தாவிலிருந்து பிரதி வந்தது, ஒரே ஒரு நிபந்தனையோடு: கட்டுரையின் கடைசியில் பட்டியல் முழுவதும் அச்சாக வேண்டும், யாரும் யாரையும் கேட்க வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது. பத்திரிகைக்காரர்களும் அதையே கேட்டதால் அவரால் தட்ட முடியவில்லை. அறுபத்தெட்டில் கட்டுரை வெளிவந்தது. எண்கள் பக்கம் பக்கமாக அச்சாகியிருந்தன. நன்றி சொல்லும் பகுதியில் கம்ப்யூட்டர் கொடுத்தவர்கள், பணம் கொடுத்தவர்கள், அபயாம்பாள், போட்டோ எடுத்தவர் எல்லாரும் இருந்தார்கள். கணையம் எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தையும் இல்லை. நூர் நிஷாவின் பெயரும் இல்லை.

மிஸ் லாஹிரி அவளுடைய வீட்டு முகவரியைத் தேடிப் பிடித்து எழுதினார். பம்பாய் வளைவு தவறு என்று நிரூபித்துவிட்டதாகவும், தன் கட்டுரையில் அவளுக்கு நன்றி சொல்லியிருப்பதாகவும், கல்கத்தாவுக்கு வந்தால் வேலை இருப்பதாகவும் அதில் இருந்தது. உம்மாவின் உடம்பு அப்போது சரியில்லை. நூர் நிஷா போகவில்லை.

அறுபத்தொன்பதில் மாட்டுங்காவில் ஒரு சபா மண்டபத்தில் திருவேங்கடத்தின் சொற்பொழிவு என்று பேப்பரில் பார்த்தாள். ஏன் போனாள் என்று பிறகு யோசித்தபோதும் அவளுக்கு விடை தெரியவில்லை. மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அபயாம்பாள் பட்டுச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். நூர் நிஷாவுக்குக் கடைசி வரிசையில் ஒரு தூணருகே இடம் கிடைத்தது.

திருவேங்கடம் நன்றாகப் பேசினார். கூட்டம் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தது. வளைவைப் பற்றிய இடம் வந்தது.

"அந்த வளைவுல எங்களுக்கு முதல்லேர்ந்தே ஒரு சந்தேகம் இருந்தது," என்றார். "அதை நாங்களே வட்டம் போட்டு, கல்கத்தா நண்பர்களுக்கு எழுதி, பார்த்துச் சொல்லுங்கோன்னு கேட்டுண்டோம். விஞ்ஞானம்னா அதான். மூடி வைக்கப்படாது. பகிர்ந்துக்கணும்."

கைதட்டல் எழுந்தது. அபயாம்பாள் தட்டினாள். மற்றவர்களைவிடச் சற்று அதிக நேரம் தட்டினாள். நூர் நிஷா நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தாள். எழுந்து கத்தலாம். கத்தினால் பைத்தியம் என்பார்கள், தாராவி என்பார்கள். கத்தாமல் போனால் இந்த அழுக்கு அப்படியே தங்கிவிடும். இரண்டும் அவளுக்குக் குமட்டியது. சேலை முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு எழுந்திருக்கப் போனாள்.

திரையில் பட்டியல் விழுந்தது. எண்கள் வரிசை வரிசையாக. பக்கத்தில் தூணுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட ஒரு கல்லூரிப் பெண், கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு அவசரமாக அவள் கையைத் தொட்டாள்.

"ஆன்ட்டி, ப்ளீஸ். இங்கேர்ந்து குச் பி, ஒண்ணுமே தெரியல. அந்த மேகஸின் எங்க காலேஜ் லைப்ரரில வரதில்ல. கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா? நான் எழுதிக்கிறேன்."

நூர் நிஷா நின்றாள். அந்தப் பெண்ணின் விரல்கள் அவளுடைய மணிக்கட்டை இன்னும் விடவில்லை.

"எங்கேர்ந்து?" என்றாள்.

"முதல்லேர்ந்து."

அவள் மறுபடியும் உட்கார்ந்து, திரையைப் பார்த்து, முதல் வரியிலிருந்து மெதுவாகப் படிக்கத் தொடங்கினாள். படம் மாறும் வரை படித்தாள்.